ஏழாம் கேள்விக்கு நாற்பத்திமூன்று ஐந்துகள்

ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
2024 பெப்ரவரி 3

அன்பு மருமகள் உஷாந்திக்கு,

நீ ஐம்பது வினாத்தாளை அனுப்பி, இரண்டு மாதத்துக்குள் முடிந்த அளவு செய்யுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். பதினொரு நாளில் நாற்பத்திமூன்றை முடித்துவிட்டேன். மிச்சம் ஏழும் முடிந்திருக்கும், இடையில் ஒரு நாள் மழை. வெள்ளவத்தையில் உன் அப்பாவின் தங்கச்சி ரஜனி டீச்சர் இதே வேலையை டிசம்பரில் தொடங்கி இன்னும் பத்தொன்பதில் நிற்கிறாவாம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தில் முப்பத்திநாலு வருடம் வின்ச் இழுத்தவனோடு ஒரு டீச்சரைப் போட்டிக்கு விடக்கூடாது.

நீ அனுப்பிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன். 'ஒஸ்வால்ட் பெர்னாண்டோ, இணை ஆய்வாளர்.' சந்தியில் நின்ற பொலிஸ்காரன் அதைப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தான். எனக்குப் பின்னால் அவனுடைய இன்ஸ்பெக்டரும் வந்துகொண்டிருந்தார், அது வேறு விஷயம். இணை ஆய்வாளர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, உஷாந்தி அங்கே பாதி, நான் இங்கே பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆராய்ச்சி என்று விளக்கம் கொடுக்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்று உன் அம்மா சொல்லுவாள். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தேன். கூட்டிப் பார்த்தால் பத்து வருகிறது.

வேலை எப்படி நடந்தது என்று நீ அறியவேண்டும். முகத்துவாரத்தில் மீன் விற்கிற மாக்ரெட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் ஞானஸ்நானத்துக்கு இறால் கொண்டுவந்தவள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து ஏழாம் கேள்வியை வாசித்தேன். 'என்னையொத்த பிரஜைகளின் அபிப்பிராயங்களை அரச நிறுவனங்கள் கருத்திற் கொள்கின்றன.' சுத்தமாக இல்லை என்றால் ஒன்று, முழுக்க ஓம் என்றால் ஐந்து.

"இது என்ன, ரேடியோவில வாற மரண அறிவித்தலா?" என்றாள்.

"கவர்மெண்ட் நீ சொல்லுறதக் கேக்குதா எண்டு கேக்குறாங்க."

"யாரு கேக்குறது?"

"நம்மட உஷாந்தி. கிளாஸ்கோவில இருந்து."

"அங்க நல்ல குளிராமே."

"குளிர்தான். நீ நம்பரச் சொல்லு."

"நீயே எதையாவது போடு ஒஸ்வால்ட். எனக்கு மீன் வெட்டக் கிடக்கு."

அவள் சொன்னதை நான் ஒழுங்குபடுத்தி எழுதிக்கொண்டேன். படித்தவர்கள் பார்க்கப்போகிற தாள், அப்படியே விடமுடியுமா.

எல்லாவற்றையும் போட்டோகொப்பிக் கடை பஹ்மியாவிடம் கொடுத்து ஸ்கேன் அடித்து இந்தக் கடிதத்தோடு இமெயிலில் அனுப்புகிறேன். புத்தகம் வரும்போது என் பெயரை முதலில் போடவேண்டாம், உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். டொக்டர் என்று மட்டும் போட்டுவிடாதே. சனம் மருந்து கேட்டு வரும்.

அன்புடன்,
ஒஸ்வால்ட் மாமா

*

கிளாஸ்கோ
2024 பெப்ரவரி 12

அன்பு மாமா,

தாள்கள் வந்து சேர்ந்தன. பதினொரு நாளில் இவ்வளவு வீடு ஏறி இறங்கியிருக்கிறீர்கள். உங்கள் முழங்காலை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நன்றி மாமா.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நேரடியாகக் கேட்டுவிடுகிறேன், கோபிக்கக் கூடாது.

ஏழாம் கேள்விக்கு நாற்பத்திமூன்று பேரும் ஐந்து என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட நான்கு சொல்லவில்லை. அயலில் இருக்கும் வேறு மதக்காரரை, வேறு மொழிக்காரரை நம்புகிறீர்களா என்ற ஒன்பதாம் கேள்விக்கும் நாற்பத்திமூன்று ஐந்து. அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வந்த கதையை, அலுவலகங்களில் நாள்கணக்கில் நின்ற கதையை நீங்கள்தானே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாற்பத்திமூன்று பேரும் அரசாங்கம் எங்கள் பேச்சை முழுக்கக் கேட்கிறது என்றார்களா?

இதை அவர்கள் சொன்னார்களா மாமா, நீங்கள் சொன்னீர்களா?

இருபதாம் திகதி என் பேராசிரியையோடு கூட்டம் இருக்கிறது. அவருக்கு நான் உண்மையைச் சொல்லவேண்டும். எந்த உண்மை என்பது உங்களிடம்தான் இருக்கிறது.

உஷாந்தி

*

கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 15

உஷாந்திக்கு,

உன் கடிதத்தை பஹ்மியா அச்சடித்து மடித்து என் கையில் தந்தாள். மடிக்க முதல் வாசித்திருக்கிறாள். "அங்கிள், கொஞ்சம் இருந்துட்டு போங்க, தண்ணி குடிங்க" என்றாள். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். இந்த வயதில் எனக்கு இந்த மரியாதை தேவைதான்.

நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. மனிதருடைய மனதில் இருப்பதை எழுதினேன். நீயே சொல்லு, வீட்டுக்கு வெளியாள் வந்தால் என்ன செய்கிறோம்? ஷோகேஸைத் திறந்து, உன் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த கோப்பையை எடுத்துக் கழுவி அதில்தானே தேத்தண்ணி ஊற்றுகிறோம். காது உடைந்த கோப்பையில்தான் தினம் குடிக்கிறோம் என்பதற்காக அதையா நீட்டுவோம்? வெளிநாட்டில் படித்த ஆட்கள் கொட்டாஞ்சேனையைப் பற்றி வாசிக்கப்போகிறார்கள். அதில் ஒருத்தி 'எனக்கு ஒண்டும் தெரியாது', இன்னொருத்தன் 'அவங்க எங்க கேக்குறாங்க' என்று கிடந்தால் எங்களை என்னவென்று நினைப்பார்கள்? இவர்கள் கேட்பாரற்ற சனம் என்று நினைப்பார்கள். எங்கள் சனத்துக்கு நான் நல்ல கோப்பை எடுத்தேன். அவ்வளவுதான் குற்றம்.

இன்னொன்று கேள். அந்தக் கேள்விகளை யார் எழுதினது? 'என்னையொத்த பிரஜைகள்.' முப்பத்திநாலு வருடம் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்காரரோடு கதைத்திருக்கிறேன், ஒரு கிரேக்கக் கப்டனுக்கு நண்டு உடைத்துத் தின்னப் பழக்கினவனே நான்தான். என்னாலேயே அந்த வசனத்தை மூச்சு விடாமல் வாசிக்க முடியவில்லை. அதை எழுதமுன் இந்தத் தெருவில் யாரிடமாவது வாசித்துக் காட்டினாயா? நீ வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் வளர்ந்த பிள்ளை. கடைசியாக இங்கே வந்தது எந்த வருடம்? உனக்கு இங்கே ஒரு கதவும் திறக்காது என்பதால் என்னைப் பிடித்தாய். நான் திறந்து தந்தேன். இப்போது கள்ளன் நான்.

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். ரஜனி டீச்சருக்கே கொடு. அவவுக்கு எழுத்தும் வடிவு.

ஒஸ்வால்ட்

*

கிளாஸ்கோ
2024 பெப்ரவரி 24

அன்பு மாமா,

'மாமா' என்று போடாமல் வெறும் ஒஸ்வால்ட் என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பேராசிரியை கோபிக்கவில்லை. கொட்டாஞ்சேனைத் தாள்களை நீக்கிவிடலாம், வெள்ளவத்தையை மட்டும் வைத்து எழுதலாம் என்றார். அது எனக்கு வசதியான வழி. ஆறு மாதத்தில் ஆராய்ச்சி முடிந்துவிடும். அப்படி முடிந்தால், கொழும்புத் தமிழர் என்ன நினைக்கிறார்கள் என்ற புத்தகத்தில் வெள்ளவத்தைக் காலி வீதி மாடி வீட்டுக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஜம்பட்டா வீதியும் முகத்துவாரமும் இருக்காது.

நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அம்மாவின் இடம் எது என்று யாராவது கேட்டால் 'கொழும்புதான்' என்று சொல்லி நிறுத்திவிடுவேன். கொட்டாஞ்சேனை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு இங்கே வந்து பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியபோது அதே கொட்டாஞ்சேனை எனக்குத் தேவைப்பட்டது. 'மக்களை உள்ளே சேர்த்து, அவர்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு' என்று எழுதினேன். இணை ஆய்வாளர் என்று உங்களுக்கு அட்டை அடித்தேன். ஆனால் கேள்விகளை நூலகத்தில் தனியாக இருந்து எழுதினேன். எழுதி முடித்த தாளைப் பொதி கட்டி அனுப்பிவிட்டு, அதைச் சேர்ந்து செய்வது என்று சொல்லிக்கொண்டேன். நீங்கள் கேட்டது சரி. நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

அதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது மாமா. மாக்ரெட் அன்ரிக்குப் பதிலாக நீங்கள் பேசிவிட்டீர்கள்.

ஒரு வழி இருக்கிறது. கடினமான வழி. அதே நாற்பத்திமூன்று வீட்டுக்கும் திரும்பப் போகவேண்டும். தாளை அவர்கள் முன்னால் விரித்து, எழுதியிருப்பதை அவர்களுக்கு விளங்கும் பேச்சில் வாசிக்கவேண்டும். இதை நான்தான் எழுதினேன், நீங்கள் சொல்லவில்லை என்று சொல்லவேண்டும். பிறகு அவர்கள் வெட்டலாம், மாற்றலாம், தாளைத் தரமாட்டேன் என்றும் சொல்லலாம். அதற்குக் காரணம் கேட்கக்கூடாது. ஏப்ரல் கடைசி வரை பேராசிரியை தவணை தந்திருக்கிறார்.

வேறு யாரையாவது அனுப்பலாம். ஆனால் எழுதியவர் வாய்திறந்து சொன்னால்தான் அது திருத்தம். இது கட்டளை இல்லை. முடியாது என்று நீங்கள் எழுதினாலும் நான் உங்கள் மருமகள்தான்.

உஷாந்தி

*

கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 14

அன்பு மருமகளுக்கு,

முதலில் உன் கடிதத்தை மடித்து அலுமாரிக்கு மேலே போட்டேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் சேர்ட் மாற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை நடந்துபோய், மாக்ரெட்டின் வாசலைக் கண்டவுடன் திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படியே. அந்த இரண்டு நாளும் நான் கோயிலுக்குப் போய்வந்ததாகத்தான் வீட்டில் கணக்கு. முப்பது டன் சரக்கு தலைக்கு மேலே ஆடும்போது கீழே நின்று வெற்றிலை போட்டவன் நான். ஒரு மீன்காரியின் வாசலில் கால் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் அவளே கண்டுவிட்டாள். "என்ன ஒஸ்வால்ட், தினம் வந்து என்ட வீட்ட எட்டிப் பாக்குற. ஆராய்ச்சியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். உள்ளே போய்த் தாளை விரித்தேன். சொன்னேன். நான் எழுதினது, நீ சொன்னதில்லை, என்று.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கு எல்லாத்துக்கும் அஞ்சு."

"ஓம்."

"நான் அவ்வளவு சந்தோஷமா இருக்கிறனா?"

"தாளில இருக்கிற."

"நீயே கேட்டு நீயே சொல்லியிருக்கிற. பிறகு எதுக்கு என்ட வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்ச?"

பிறகு முழுத் தாளையும் மூன்று தரம் வாசிக்க வைத்தாள். ஏழாம் கேள்வியில் நிறுத்தினாள். அவர்களுடைய தெருக் குழாய் உடைந்து கிடந்ததாம். ஆறு தரம் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் அங்கே மேசையில் இருந்த அதிகாரி மாத்தயா சிங்களத்தில் 'பலமு, பலமு' என்று, பார்ப்போம் பார்ப்போம் என்றே அனுப்பிவிட்டாராம். ஏழாம் தரம் இறால் கூடையோடு போய் அந்த அலுவலக விறாந்தையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்கு வெயில் ஏறியது. பதினொரு மணிக்கு வாசம் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு முன்னமே குழாய்க்காரன் புறப்பட்டுவிட்டான்.

"இப்ப சொல்லு," என்றாள். "வாயால கேட்டா ஒண்டு. இறால் கொண்டு போனா அஞ்சு. உன்ட தாளில நான் எதப் போட?"

எதைப் போடுவது என்று உனக்குத் தெரிகிறதா? மூன்று என்று நடுவில் போடலாமா என்று கேட்டேன். "மூண்டு யாருக்கு, எனக்கா இறாலுக்கா?" என்றாள். கடைசியில் நம்பரை வெட்டிவிட்டு முழுக் கதையையும் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. கூடையை இரண்டு கூடையாக்க என் கை துடித்தது.

அப்படியே இருபத்தாறு வீடு முடிந்தது. சிலர் சிரித்தார்கள். ஒரு மனுசி எனக்காக ஜெபம் சொன்னாள். எல்லா இடமும் அதே மாதிரிதான், ஏழாம் கேள்விக்கு நம்பர் நிற்கவில்லை, கதை வருகிறது.

இருபத்தேழாவது இடத்தைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். லோண்ட்ரியில் இஸ்திரி போடுகிற சாந்தகுமார், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"ஐயா, எங்க ஆளுங்களுக்குப் பதிலா கணக்கப்பிள்ளை பேசுனாரு. அப்புறம் யூனியன் தலைவருங்க பேசுனாங்க. இப்ப நீங்களும் பேசிட்டீங்களா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். கோபமில்லை என்றார். தாளை வாங்கி நாலாகக் கிழித்து, துண்டுகளை என் கையிலேயே தந்தார். "இன்னொரு தாளு வேணாங்க," என்றார். காரணம் கேட்கக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். கேட்கவில்லை. அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகவும் இல்லை.

இன்னும் பதினாறு வீடு. அட்டையைத் திரும்ப மாட்டியிருக்கிறேன். வீட்டு வாசலில் மட்டும் கழற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொள்கிறேன்.

மறந்துபோனேன். பஹ்மியா உனக்கு ஒரு முறைப்பாடு சொல்லச் சொன்னாள். "இந்தப் பேப்பரெல்லாம் ஸ்கேன் அடிச்சது நான். ஒங்கட கடிதமெல்லாம் அனுப்புறதும் நான். என்னட்ட ஒரு கேள்வியும் இல்லயா?" என்றாள். பிள்ளை, நீங்கள் முஸ்லிம், இது தமிழ் ஆக்களுக்கு என்று தலைப்பைக் காட்டினேன். "அப்ப நான் இவ்வளவு காலமும் ஒங்களோட கதைச்சது என்ன, சீன பாஷையா?" என்கிறாள். இதற்கும் நீதான் பதில் சொல்லவேண்டும். எனக்கு ஒரு மாதத்துக்கு வாங்கினது போதும்.

ஒஸ்வால்ட் மாமா

*

கிளாஸ்கோ
2024 மார்ச் 22

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். இறால் கூடையில் அவர் பேனாவை வைத்துவிட்டார். சாந்தகுமார் அண்ணன் வந்த இடத்தை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார்.

மாக்ரெட் அன்ரியின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. நம்பிக்கை கூடியவர், குறைந்தவர் என்று ஆட்களை வரிசைப்படுத்தும் ஒரு அளவுகோலை நாங்கள் எல்லோரும் பல வருடமாகப் பாவிக்கிறோம். கேட்கவைக்க ஒரு ஆள் என்ன செய்யவேண்டியிருந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. அதனால் ஏழாம் கேள்வியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறொன்று போட விருப்பம்: 'உங்கள் பேச்சை அவர்கள் கேட்பதற்கு நீங்கள் என்ன செய்யவேண்டியிருந்தது?' இது விளங்குமா என்று அங்கே வாசித்துக் காட்டுங்கள். விளங்காவிட்டால் அவர்களே மாற்றட்டும். நான் இங்கிருந்து மாற்ற மாட்டேன்.

பஹ்மியாவுக்குச் சொல்லுங்கள், தலைப்பில் பிழை விட்டது நான். 'தமிழர்' என்பதை 'தமிழ் பேசுவோர்' என்று மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதித்தால் நாற்பத்திநான்காவது தாள் அவருடையது. இந்தக் கடிதத்தை அவர்தான் அச்சடிப்பார், ஆகவே இப்போதே வாசித்திருப்பார். பஹ்மியா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரஜனி அத்தையிடமும் பத்தொன்பது வீட்டுக்கும் திரும்பிப் போய் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவவுக்குச் சரியான கோபம். "நான் ஒரு சொல்லும் மாத்தேல்லை, என்னை ஏன் சந்தேகப்படுறாய்?" என்று கேட்டா. ஆனாலும் போனா. பத்தொன்பது பேரில் ஏழு பேர் பதிலை மாற்றியிருக்கிறார்கள். டீச்சர் முன்னால் பிழை விடக்கூடாது என்று அன்றைக்குச் சரியான விடையைத் தேடிச் சொன்னார்களாம். இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அத்தை சொன்னா. உங்களுக்குத் தெரியவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லா வீடும் முடிந்தபின் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புகிறேன். அதை அவர்கள் எல்லோரையும் கூட்டி வாசியுங்கள். அவர்கள் ஓம் என்றால்தான் அது வெளியே போகும்.

உஷாந்தி

*

கொட்டாஞ்சேனை
2024 ஏப்ரல் 28

அன்பு மருமகளுக்கு,

நேற்று, சனிக்கிழமை பின்னேரம், கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். இருநூறு பேர் வந்தார்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு பேர். கதிரை அறுபது போட்டிருந்தேன்.

உன் சுருக்கத்தை மைக் இல்லாமல் வாசித்தேன். தலைப்பை வாசித்தவுடனேயே நிறுத்திவிட்டார்கள். 'கொழும்பின் குரலற்ற மக்கள்' என்று போட்டிருக்கிறாய்.

மாக்ரெட் எழும்பினாள். "குரலற்ற எண்டா?"

"குரல் இல்லாத."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா?" என்று கேட்ட கேள்விக்கு, மண்டபத்துக்கு வெளியே ஒரு ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். "ஆறு தரம் போய்க் கத்தினது யார்ட குரல்? குரல் இருந்தது, கேக்கத்தான் ஆளில்ல. அந்தச் சொல்ல வெட்டச் சொல்லு அந்தப் பிள்ளைக்கு."

பஹ்மியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி, "கேக்காதவங்க யாரெண்டு அதில எழுதியே இல்லயே. எழுதச் சொல்லுங்க," என்றாள். அந்தச் சொல்லை வெட்ட ஓம் என்கிறவர்களைக் கைதூக்கச் சொன்னேன். ஒருவரும் மிச்சமில்லை. ஆகவே மருமகளே, நீ நூலகத்தில் வளர்த்த அந்தச் சொல்லைக் கொட்டாஞ்சேனை வெட்டிவிட்டது. வருத்தப்படாதே. என்னுடைய ஐந்துகளையும் வெட்டினார்கள், நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் புதுக் கேள்வியையும் திருத்தினார்கள். 'அவர்கள்' என்றால் யார் என்று கேட்டார்கள். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போமே, 'கந்தோரில் இருக்கிறவர்கள்' என்று போட்டாயிற்று. இனி அதை வாசிக்க மூச்சு வாங்கவில்லை.

இப்போது கணக்கு. நாற்பத்திமூன்று வீட்டுக்கும் போனேன். நாற்பத்தொரு பேர் தங்கள் பதிலைத் தாங்களே சொன்னார்கள். இரண்டு பேர் மாட்டோம் என்றார்கள். ஒருவர் சாந்தகுமார். மற்றவ காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஹ்மியாவைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு. முன்னைய ஒஸ்வால்ட் என்றால் அந்த இரண்டையும் எப்படியாவது நிரப்பியிருப்பான். இரண்டு பேர் மறுத்தார்கள் என்று புத்தகத்தில் போடு. எங்கள் சனத்துக்கு மாட்டேன் என்று சொல்லவும் தெரியும் என்று வாசிக்கிறவர்கள் அறியட்டும்.

என் பெயர் விஷயம். உன் பெயருக்குப் பக்கத்தில் என்று கேட்டிருந்தேன். கூட்டத்தில் அதைச் சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. பெயர் வரவேண்டும் என்று கேட்டவர்கள் பதினாறு பேர், பட்டியல் இத்துடன் இருக்கிறது. என்னை எழுத்து வரிசைப்படி அவர்களுக்குள் போடு. ஒஸ்வால்ட் முன்னுக்கே வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒஸ்வால்ட் மாமா

*

கிளாஸ்கோ
2024 மே 7

அன்பு மாமா,

இன்று காலை பல்கலைக்கழகத்தில் முடிவு சொன்னார்கள். கொட்டாஞ்சேனை உள்ளே இருக்கிறது. நாற்பத்திரண்டு பேர், மறுத்தவர்கள் இரண்டு பேர், எல்லாம் நீங்கள் எழுதியபடி. பொய்யாக எழுதப்பட்ட முதல் தாள்களைப் பற்றியும் ஒரு பகுதி வருகிறது. அதில் உங்கள் பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டேன், யோசித்துச் சொல்லுங்கள்.

'குரலற்ற' என்பதை வெட்டிவிட்டேன். வெட்டும்போது காது சுட்டது. அந்தச் சொல்லை நான்கு வருடமாக எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. வெள்ளவத்தை வேலையை முதலிலிருந்து, உங்கள் முறையில் திரும்பச் செய்யவேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். அதை ரஜனி அத்தைக்கு யாராவது நேரில் காட்டவேண்டும். இங்கே யாருக்கும் அது தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அத்தை சனிக்கிழமை உங்களிடம் வருகிறா. தயவுசெய்து மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்.

நேற்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். கொழும்பு என்றேன். கொழும்பில் எங்கே என்றார்கள். கொட்டாஞ்சேனை என்றேன். அப்படி ஒரு இடத்தை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கால்மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன், அது இரத்தத்தில் இருக்கிறது.

உஷாந்தி

*

கொட்டாஞ்சேனை
2024 மே 12

அன்பு மருமகள் உஷாந்திக்கு,

ரஜனி டீச்சர் வந்தா. குடையும் கொப்பியும் பேனா மூன்றுமாக வந்து, பஹ்மியாவின் கடைக்குள் பிளாஸ்ரிக் கதிரையில் நேராக உட்கார்ந்தா. மரியாதையாகத்தான் நடந்தேன். பத்தொன்பதில் ஏழு என்பதை நான் வாய் திறந்து சொல்லவேயில்லை. டீச்சர் ஏழு தரம் என் முகத்தைப் பார்த்தா, அப்போதும் சொல்லவில்லை.

"சொல்லுங்கோ ஒஸ்வால்ட், எதில இருந்து தொடங்கிறது?" என்று கொப்பியைத் திறந்தா.

எதிலிருந்து தொடங்குவது என்று முதல் நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அட்டையைப் பற்றித் தொடங்கலாம், கதவு தட்டுவதைப் பற்றித் தொடங்கலாம். ஆனால் உட்கார்ந்தபிறகு வேறொன்றும் வாயில் வரவில்லை.

"டீச்சர், முதல்ல நான் பொய் எழுதினதச் சொல்லுறன், அங்க இருந்து தொடங்குவம்," என்றேன். "ஒண்டு ரெண்டு இல்ல. நூறு தாள்."

போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் இருந்து பஹ்மியாவின் சத்தம் வந்தது. "நாப்பத்திமூணு, அங்கிள்."

டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

"நாப்பத்திமூண்டு," என்றேன். டீச்சர் வெட்டி எழுதினா.

பொய்த் தாள்களைப் பற்றிய அந்தப் பகுதியில் என் பெயரைப் போடு. முழுப்பெயரும்.

ஒஸ்வால்ட் மாமா